பூங்குழலி திரும்பிப் போனாளா?

9 ஜூலை 2022

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன் கேட்டிருக்கிறான்: “அண்ணே, பொன்னியின் செல்வன் டீசர் பாத்தீங்களா? அஞ்சு பாகத்தையும் எவன் படிச்சிக்கிட்டு இருப்பான்? படத்தைப் பாத்தாப் போதும்ல?”

போதாது தம்பி.

டீசரை நேற்றிலிருந்து ஆறு தடவை பார்த்துவிட்டேன். யானை, குதிரை, கோட்டை, கொடி, கழுத்து நிறைய நகை. கப்பல் தெரிகிறது, கடல் தெரியவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைவது அதுதான்.

கல்கி இந்தக் கதையைக் காவிரிக் கரையோடு முடித்துவிடவில்லை. இரண்டாம் பாகத்துக்குப் பெயரே ‘சுழற்காற்று’. கோடிக்கரையில் கலங்கரை விளக்கம் காக்கும் வீட்டுப் பெண் பூங்குழலி. ராத்திரியில் தனியாளாகப் படகு வலித்து வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டு போகிறாள். நம்ம பக்கமும் கதையில் வருகிறது. இராமேசுவரத்தை ஒட்டிய தீவு ஒன்றில் சோழ முதன்மந்திரி அநிருத்தப் பிரமராயர் தங்கியிருக்க, அவருடைய ஒற்றன் ஆழ்வார்க்கடியான் அங்கே வந்து சேர்கிறான். டீசர் பார்த்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

படத்துக்கு நான் வைக்கும் சோதனை ஒரே ஒரு காட்சி. சுழிக்காற்றில் கப்பல் மேல் இடி விழுந்து தீப்பிடிக்கிறது. இளவரசன் அருள்மொழியும் வந்தியத்தேவனும் தண்ணீரில் தத்தளிக்கிறார்கள். பூங்குழலி சின்னப் படகில் வந்து இருவரையும் ஏற்றிக் கரை சேர்க்கிறாள். அதோடு விடவில்லை. மறுபடி அதே இருட்டுக்குள் படகைத் தள்ளிக்கொண்டு போகிறாள். கூப்பிட்டுக்கொண்டே போகிறாள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு விடியும்போது திரும்புகிறாள். இளவரசனுக்காக ஒரு தடவை போனாள், பேர் தெரியாத மாலுமிகளுக்காக இன்னொரு தடவை போனாள். இந்த இரண்டாவது தடவைதான் அவள். அதைப் படத்தில் எடுப்பார்களா?

எடுக்க மாட்டார்கள் என்று இன்றைக்கே எழுதி வைக்கிறேன்.

10 ஜூலை 2022

நேற்று எழுதியதில் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் இல்லாமல் எனக்கு இந்தக் கதையே கிடையாது.

அம்மாவின் அப்பா. தனுஷ்கோடி ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் பயணிகளை இறக்கும், அவர்கள் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். அந்த ரயிலில்தான் கல்கி இதழும் வரும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 மே மாதம் வரை வந்தது. மூன்றரை வருஷம். அந்தத் தெருவில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர், அதில் ஐயா ஒருவர். இதழ் வந்த அன்று சாயங்காலம் வலை பின்னுகிறவர்கள், கருவாடு காயப்போட்டுவிட்டு வந்த பெண்கள் எல்லாரும் அவர் வாசலில் உட்கார்ந்துவிடுவார்களாம். பக்கங்களைக் கிழித்துத் தைத்து ஒரு கட்டாக வைத்திருந்தார்.

1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் அந்தக் கட்டும் போனது. வீடும் போனது. ஊரும் போனது. எங்கள் குடும்பம் பாம்பனுக்கு வந்தது அதற்குப் பிறகு.

நான் 68-ல் பிறந்தவன். எனக்கு நினைவு தெரிந்தபோது ஐயாவிடம் புத்தகம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்வார். ஒரு கோடை லீவு முழுக்க ஒரு பாகம் ஓடும். புத்தகத்தை நான் கையில் எடுத்துப் படித்தது கல்லூரி நாளில், நூலக இரவல், இரண்டாம் பாகத்தில் பக்கங்கள் கிழிந்து போன பிரதி.

3 ஆகஸ்ட் 2022

இன்று ஆடிப் பதினெட்டு. நாவல் தொடங்கும் நாள். வீரநாராயண ஏரிக் கரையில் குதிரை மேல் வந்தியத்தேவன்.

எங்கள் மாவட்டத்துக்குப் பொன்னி இல்லை. வைகை வருகிறது, அதுவும் கடலைப் பார்க்காமல் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. அதனாலோ என்னவோ புது வெள்ளத்தைப் பற்றி ஐயா அவசரமாகச் சொல்லி முடிப்பார். கோடிக்கரை வந்ததும் குரல் இறங்கும், நிதானமாகும். சேற்றுப் பள்ளம் எப்படி ஆளை இழுக்கும் என்று கையை மணலில் புதைத்துக் காட்டுவார்.

‘பொன்னி நதி’ பாட்டு வெளியாகிவிட்டது. என் மகள் நாள் முழுக்க அதைத்தான் ஓட விடுகிறாள். நல்ல தாளம். நான் கடல் பாட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

8 செப்டம்பர் 2022

டிரெய்லர். கப்பல்கள் இன்னும் நிறைய. தமிழில் ஐமேக்ஸ் திரைக்குப் போகும் முதல் படமாம். திரை எவ்வளவு பெரிதானாலும் படகின் விளிம்பிலிருந்து தண்ணீர் ஒரு சாண் கீழேதான் இருக்கும். அந்தச் சாண் உயரத்தைக் காட்டுவார்களா?

தொண்டி அண்ணன் கோபப்படுகிறார்: “எம்.ஜி.ஆர். 1958-ல எடுக்க நெனச்சு முடியாமப் போனதை ஒருத்தர் முடிச்சுக் காட்டுறாரு. அதுக்கு ஒரு வார்த்தை பாராட்டு இல்லையா உன்கிட்ட?” உண்டு அண்ணே. அறுபது வருஷத்துக்கு மேல் ஒருத்தராலும் முடியாத காரியம், மதிக்கிறேன். மதிப்பதால்தான் பயப்படுகிறேன். இது ஒருமுறைதான் நடக்கும். இனி எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பூங்குழலி என்றால் இந்தப் படத்து முகத்தைத்தான் நினைப்பார்கள். அந்த முகத்துக்குப் பின்னால் கடல் சரியாக இருக்க வேண்டாமா?

1 அக்டோபர் 2022

நேற்றே பார்த்தேன். இராமநாதபுரத்தில், மகளோடு. வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகும். அதனால் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் மூன்று ஊர்ப் பையன்களும் தியேட்டரில் இருந்தார்கள். ஐஸ் கம்பெனியில் என்னோடு வேலை செய்கிறவர்களை மட்டும் பன்னிரண்டு பேர் எண்ணினேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். கார்த்தி வந்தியத்தேவனாகவே வந்தார். ஜெயராம் வரும்போதெல்லாம் தியேட்டர் குலுங்கியது. நந்தினியும் குந்தவையும் நேருக்கு நேர் நிற்கும் இடத்தில் ஒருத்தர் மூச்சுவிடவில்லை. ரவிவர்மன் ஒளிப்பதிவுக்கு நான் என்ன சொல்ல, இருட்டையே இத்தனை விதமாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் கடல்.

‘அலைகடல்’ பாட்டு காதுக்குள் இன்னும் நிற்கிறது. நாவலில் கடல் ஓய்ந்திருக்கும்போது என் மனசு ஏன் பொங்குகிறது என்று பூங்குழலி பாடுவாள். பாட்டின் வரி இங்கே வேறு, தவிப்பு அதேதான். அதில் குறையில்லை. என் குறை வேறு. அந்தப் பாட்டு முழுக்க நாம் அவளைப் பார்க்கிறோம். அவள் எதைப் பார்க்கிறாள் என்பது தெரியவில்லை. ராத்திரியில் தண்டு வலிக்கிறவள் காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தால் பார்ப்பாள், நீவாடு, அதாவது நீரோட்டம், எங்கே இழுக்கிறது என்று தண்டில் ஏறும் கனத்தால் பார்ப்பாள், நட்சத்திரத்தைப் பார்ப்பாள். தென்காற்றான சோழகம் ஓய்ந்து வடகாற்றான வாடை எழும்பப் போகிறதா என்று ஒரு தடவையாவது முகத்தைத் திருப்ப மாட்டாளா? அவள் அழகு தெரிகிறது. அவள் தொழில் தெரியவில்லை.

கடைசியில் புயல், கப்பல், வாள் சண்டை. கப்பல் மூழ்குகிறது. அப்புறம் தண்ணீருக்கு அடியில் அவர்களை நோக்கி நீந்துகிறாள் ஊமைராணி, வாய் பேசாத மந்தாகினி. முடிந்தது.

பூங்குழலி எங்கே? முதல் தடவைக்கே அவள் படகு வரவில்லை. இரண்டாவது தடவையைப் பற்றி நான் யாரிடம் கேட்பது?

திரும்பும் வழியில் பஸ்ஸில் மகள் கேட்டாள், “அப்பா, ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்குறீங்க?” உச்சிப்புளி தாண்டும்வரை பதில் சொல்லவில்லை.

2 அக்டோபர் 2022

இன்னும் ஆறவில்லை. ஒரு படகுக்காரி செய்த காரியத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இன்னொருத்தி ராணி. அவ்வளவுதான் என் வருத்தம்.

4 அக்டோபர் 2022

கீழக்கரை லாத்தா (அக்கா) நீளமாக ஒரு பதில் தந்திருக்கிறார். அவர் வீட்டு மூதாதைகள் மரக்கலம் ஓட்டியவர்கள். கப்பல் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைவிட அவருக்குத் தெரிந்தது அதிகம், நாவலும் அத்தியாய வரிசையோடு மனப்பாடம்.

அவர் சொல்வது: குழந்தை அருள்மொழி பொன்னியில் விழுந்தபோது தூக்கிக் கொடுத்தவள் ஊமைராணி. அந்தப் பெயரே அவனுக்கு அதனால் வந்தது. ஆற்றில் காப்பாற்றியவளே கடலிலும் காப்பாற்றுவதாக எடுத்தது மூலத்துக்குத் துரோகம் ஆகாது, மூலத்தில் இருந்த ஒரு நூலை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். 293 அத்தியாயத்தை இரண்டு படத்தில் அடக்க வேண்டியவன் இரண்டு மீட்பை ஒன்றாக்கத்தான் செய்வான்.

யோசித்தேன். லாத்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘பிடுங்கிக் கொடுத்தார்கள்’ என்று எழுதியதன் சூட்டைக் குறைத்துக்கொள்கிறேன். வருத்தத்தைக் குறைக்க முடியவில்லை.

கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தார்: “அவ திரும்பிப் போய் நாலு பேரை ஏத்திட்டு வந்தாண்டு சொல்றீங்களே, அது எந்த அத்தியாயம் தம்பி?”

இரண்டாம் பாகம் கடைசி. ‘அபய கீதம்’ அல்லது அதற்கு முந்தினது. பார்த்துச் சொல்கிறேன் லாத்தா.

9 அக்டோபர் 2022

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

16 அக்டோபர் 2022

இல்லை.

புதுப் பிரதி வாங்கினேன். இரண்டாம் பாகத்தின் 53 அத்தியாயத்தையும் முதல் வரியிலிருந்து படித்தேன். ‘சுழிக் காற்று’, ‘உடைந்த படகு’, ‘அபய கீதம்’ மூன்றையும் மூன்று தடவை. மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தையும் பார்த்தேன், அங்கே எங்காவது பின்னோக்கிச் சொல்லியிருப்பாரோ என்று. பூங்குழலி இருவரைக் காப்பாற்றுகிறாள். கோடிக்கரைக்குக் கொண்டுவருகிறாள். அப்புறம் அருள்மொழிக்குக் காய்ச்சல், நாகப்பட்டினம், அங்கேயுள்ள புத்த மடமான சூடாமணி விஹாரம் என்று கதை போகிறது.

அவள் திரும்பிப் போகவில்லை. நாலு மாலுமிகள் இல்லை. கூப்பிடும் குரல் இல்லை.

எந்தக் காட்சியை வைத்து ஒரு படத்தை மூன்று மாதமாக நிறுத்துப் பார்த்தேனோ அந்தக் காட்சியைக் கல்கி எழுதவில்லை. கல்லூரி நாளில் படித்தபோது காணாததற்கு அந்தக் கிழிந்த பக்கங்கள்தான் காரணம் என்று இருந்துவிட்டேன். கிழிந்த பக்கத்தில் அது இருந்தே தீரும் என்று முப்பது வருஷம் நம்பியிருக்கிறேன்.

ஜூலை 9-ம் தேதி எழுதியதை அழிக்கவில்லை. தப்பு என் பேரில் அங்கேயே இருக்கட்டும். தங்கச்சிமடத்துத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறேன், படம் ‘விட்டுவிட்டது’ என்று நான் சொன்னதில் பாதி பொய்யாகிவிட்டது.

17 அக்டோபர் 2022

மிச்சப் பாதி உண்மை. முதல் மீட்பு புத்தகத்தில் இருக்கிறது. அதை விடமாட்டேன்.

18 அக்டோபர் 2022

படத்துக் கப்பல் பெரிதாக இருப்பது உனக்குக் குறையா என்று தொண்டி அண்ணன் கேட்டதற்குப் பதில் பாக்கி.

படத்தில் கப்பல் பெரிதாக இருப்பது எனக்குக் குறையே இல்லை அண்ணே. சோழர் காலத்தில் பெருங்கலங்கள் ஓடின. கடலைத்தான் ஒரே கடலாகக் காட்டிவிட்டார்கள். நம்ம தீவில் நின்று பார்த்தால் வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். ஆடியில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடை தொடங்கினால் தலைகீழ். பாம்பன் பாலத்தின் மேல் நின்று இடமும் வலமும் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். கல்கி கடல்காரர் இல்லை, மாயவரம் பக்கத்துக்காரர். ஆனாலும் அவர் கேட்டு எழுதியிருக்கிறார். காற்று நின்றுபோய் மூச்சு முட்டும் அந்த அமைதி வரும், பிறகு சுழி வரும் என்று வரிசை தெரிந்து எழுதியிருக்கிறார். சதுப்பில் ராத்திரி எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று பூங்குழலி காட்டுவாளே, அதற்குக்கூட மண்ணுக்கடியிலிருந்து கிளம்பும் வாயுதான் காரணம் என்று கதையை நிறுத்திவிட்டுச் சொல்கிறார். வாசகனைப் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த அக்கறையைத்தான் திரையில் தேடினேன்.

13 நவம்பர் 2022

மழை. வாடை நன்றாக விழுந்துவிட்டது. நேற்று பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு ஆகிறது. முட்டி தேயும்வரை கடல்பாசி எடுக்கப் போனவள். குருசடைத் தீவு, அந்தப் பக்கத்துத் தீவுகள் எல்லாவற்றின் பாரும், அதாவது கடலடிப் பாறையும், அவள் காலுக்குத் தெரியும். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு முங்குவார்கள். மூச்சை அடக்கிப் பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கில்லை. படத்தில் ஊமைராணி நீருக்கடியில் நீந்தும்போது மகள் என் கையைப் பிடித்து, “நம்ம பெரியம்மாச்சி மாதிரி” என்றாள். அப்போது எனக்கு இருந்த கோபத்தில் அது காதில் விழவே இல்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளை சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

பெரியம்மாவிடம் கேட்டேன். “ஐயா பூங்குழலி கதை சொல்வாருல்ல, அதுல அவ திரும்பிப் போய் நாலு பேரக் கூட்டிட்டு வருவாளே, அது புயலுக்கு முந்தியே சொல்வாரா? தனுஷ்கோடியில இருக்கும்போதே?”

பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“தனுஷ்கோடியில வாசிப்பாரு. அதுல அப்படி வராது. இங்கன வந்து சொன்னதுலதான் அது.”

அப்புறம் அவளாகவே சொன்னாள். அன்று ராத்திரி தண்ணீர் இடுப்பளவு ஏறியபோது ஐயா வத்தை என்ற சின்னப் படகில் இவர்களை ஏற்றி மணல் மேட்டில் விட்டிருக்கிறார். பெரியம்மா, என் அம்மா, பாட்டி, கைக்குழந்தையாக மாமா. விட்டுவிட்டு வத்தையைத் தள்ளிக்கொண்டு திரும்பப் போயிருக்கிறார், தம்பி வீட்டுப் பக்கம். கொஞ்ச தூரம் கூப்பிடும் சத்தம் கேட்டதாம். பிறகு காற்றுச் சத்தம் மட்டும். விடிந்தபோது வத்தை இல்லாமல் தாங்குக் கம்பை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாராம்.

“சின்னையா வீட்டுல எத்தன பேரு பெரியம்மா?”

“நாலு பேரு.”

சுளகைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

14 நவம்பர் 2022

இதை எழுதியது சரியா என்று ராத்திரி தூங்காமல் யோசித்தேன். பெரியம்மாவிடம் இன்று காலை சொன்னேன், “எழுதிட்டேன் பெரியம்மா” என்று. “எழுது. பேரு போடாத” என்றாள். போடவில்லை.

20 நவம்பர் 2022

லாத்தா ஒரே ஒரு வரி: “அப்ப உங்க ஐயாவும் படம் எடுத்தவர்தான்.”

ஒரு வாரமாக அதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஆமாம். ஐயாவும் மாற்றினார். கல்கி எழுதாததைச் சேர்த்தார், தன் வாயால் அடித்துத் திருத்தினார். அதை நான் ஐம்பது வருஷம் மூலம் என்று எண்ணி வளர்ந்தேன். சினிமாக்காரர் மாற்றினால் துரோகம், எங்கள் ஐயா மாற்றினால் புனிதம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனாலும் லாத்தா, இரண்டும் ஒன்று என்று என்னால் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. ஐயா சேர்த்த காட்சியில் பூங்குழலி இன்னும் படகில்தான் இருந்தாள். அவளுக்கு வேலையைக் கூட்டினார், குறைக்கவில்லை. அவள் என்னென்ன செய்யத் தெரிந்தவளோ அதை வைத்தே கூட்டினார். மாற்றலாம், மாற்றுகிறவர் அந்த ஆளை அறிந்து மாற்றினாரா என்றுதான் இனிமேல் கேட்பேன். மூலத்தில் இருந்ததா இல்லையா என்று கேட்பதை விட்டுவிட்டேன், அந்தக் கேள்வியில் நானே தோற்றவன்.

படத்தை இன்னொரு தடவை பார்க்கப் போகிறேன். இந்தக் கேள்வியோடு.

22 டிசம்பர் 2022

பார்த்தேன், போன மாதக் கடைசியில், மகளின் லேப்டாப்பில். பூங்குழலி வரும் இடங்களை மட்டும் நிறுத்தி நிறுத்தி. அக்டோபரில் நான் எழுதியதில் பாதியை வைத்துக்கொள்கிறேன். பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அவள் வந்தியத்தேவனைப் பார்த்துப் பேசும் தோரணையில், கடலில் அவன் அவளை நம்பித்தான் ஆகவேண்டும் என்ற நிமிர்வு இருக்கிறது. கரையில் பணிந்து நிற்கிறவர்களும் படகில் ஏறியதும் நிமிர்ந்துவிடுவார்கள், எங்கள் ஊரில் தினமும் பார்க்கிறேன். அந்த நடிகை அதைப் பிடித்திருக்கிறார். முதல் தடவை நான் அதைக் கவனிக்கவே இல்லை.

தண்ணீர் மட்டும் இன்னும் கிராபிக்ஸ் தண்ணீராகத்தான் தெரிகிறது.

இன்று அந்தத் தேதி. பாம்பன் தூக்குப்பாலம் 1914-ல் கட்டிய ரயில் பாலம். 64 புயலில் 145 கண்களில் 126 சிதைந்து 46 நாளில் சரிசெய்தார்கள். பக்கத்தில் புதுப் பாலம் எழும்புகிறது. சாயங்காலம் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு சாலைப் பாலத்தில் போய் நின்றேன். அவள் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பவில்லை. 2017-ல் அரிச்சல்முனைவரை தார் ரோடு போட்டார்கள், எல்லாரும் கார் எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்து வருகிறார்கள். இவள் இன்னும் போகவில்லை.

30 ஏப்ரல் 2023

இரண்டாம் பாகம் பார்த்துவிட்டேன். தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் போகாது. தியேட்டரில் நிற்க இடமில்லை.

காப்பாற்றியது ஊமைராணிதான் என்று சொல்லிவிட்டார்கள். சரி. நவம்பரில் எழுதிய கேள்வியை வைத்துப் பார்த்தேன். இந்த மாற்றம் ஊமைராணியை அறிந்த மாற்றம், ஒப்புக்கொள்கிறேன். அரண்மனையில் அவள் செய்யும் கடைசிக் காரியம் வரை அந்த நூல் போகிறது. தியேட்டரில் என்னைச் சுற்றி இருந்த பையன்கள் அப்போது விசிலடிக்கவில்லை.

பூங்குழலியை அறிந்த மாற்றமா? இல்லை. அதையும் அதே உறுதியோடு சொல்கிறேன். இரண்டாம் பாகத்தில் அவளுக்கு வேலையே இல்லை.

இதைவிடப் பெரிய ஏமாற்றம், நாகைப் புயல் வரவில்லை. ஐந்தாம் பாகத்தில் ‘கடல் பொங்கியது!’ என்று ஒரு அத்தியாயம், அடுத்தது ‘நந்தி முழுகியது’. கடல் ஊருக்குள் வந்து சூடாமணி விஹாரத்தைச் சூழும். வாசலில் உள்ள நந்தி சிலையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கணக்கிடுவார்கள். இது அச்சாகிப் பத்து வருஷம் கழித்து எங்கள் ஊர் முழுகியது. தனுஷ்கோடித் தெருவில் அந்த அத்தியாயத்தை உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர் பிறகு தங்கள் வீட்டு வாசற்படியில் தண்ணீரை அளந்திருப்பார்கள்! இத்தனை கிராபிக்ஸ் கையில் இருந்தும் அந்தத் தண்ணீரைக் காட்டவில்லையே என்று இருக்கிறது. அதற்கு ஆயிரம் கப்பல் வேண்டாம். ஒரு கல் நந்தியும் ஏறும் தண்ணீரும் போதும்.

2 மே 2023

தொண்டி அண்ணன்: “வெள்ளம் வந்திருந்தா நீ அதையும் கொறை சொல்லியிருப்ப.”

சொல்லியிருப்பேன் அண்ணே. ஆனால் அழுதுகொண்டே சொல்லியிருப்பேன்.

17 ஆகஸ்ட் 2024

தேசிய விருது அறிவித்திருக்கிறார்கள். முதல் பாகத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு. ரவிவர்மனுக்குக் கிடைத்ததில் எனக்கு முழுச் சந்தோஷம். ஒலிக்குக் கிடைத்ததைக் கேட்டு ஹெட்போன் மாட்டிப் புயல் காட்சியை மறுபடி கேட்டேன். காற்றுச் சத்தம் சரியாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கடல் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன்.

தங்கச்சிமடத்துத் தம்பி செய்தி அனுப்பினான். நாலாம் பாகம் படித்துக்கொண்டிருக்கிறானாம். படம் பார்த்தபிறகுதான் எடுத்தானாம். “படத்தைப் பாத்தாப் போதும்ல” என்று கேட்டவன். படம் புத்தகத்தைக் கொன்றுவிடும் என்று நான் பயந்தேன். இவன் விஷயத்தில் நடக்கவில்லை.

6 அக்டோபர் 2024

மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மாவுக்கு நாவலை வாசித்துக் காட்டுகிறாள். பெரியம்மா எழுபது வருஷத்துக்கு முன் மடியில் உட்கார்ந்து கேட்டது, பிறகு வாசித்துக் கேட்டதே இல்லை. படத்தைக் காட்டட்டுமா என்று மகள் கேட்டதற்கு, “அத அப்புறம் பாப்போம், நீ வாசி” என்றிருக்கிறாள்.

நேற்று இரண்டாம் பாகம் முடிந்தது. ‘அபய கீதம்’. பூங்குழலி படகில் இருவரையும் ஏற்றிவிட்டாள். மகள் புத்தகத்தை மூடினாள்.

“இன்னும் இருக்குல்ல” என்றாள் பெரியம்மா. “திரும்பிப் போவாள்ல.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“இல்ல பெரியம்மாச்சி. இதுல அவ்வளவுதான்.”

“நெசமாவா?”

“ஆமா. அடுத்த பாகம் கோடிக்கரையில ஆரம்பிக்குது.”

பெரியம்மாவுக்குத் தெரியும். எனக்குச் சொன்னவளே அவள்தான். இருந்தும் கேட்டாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“எழுதுனவருக்குத் தெரியாம இருந்திருக்கும். சரி, நாளைக்கு அந்தக் கோடிக்கரைய வாசி.”